'டங்'னு சத்தம் கேட்டதா? வண்டியை நிறுத்துங்க!

காரில் நாம் யாருமே குனிந்து பார்க்காத ஒரு பகுதி இருக்கிறது. அதன் அடிப்பகுதி. இன்று அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப்போகிறேன்.

போன வருஷம் என் பெரியப்பா மகன் பழைய டர்போ கார் ஒன்று வாங்கினார். தாழ்வான, வேகமாகப் போகிற ரகம். கதவில் ஒரு கீறல் விழுந்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் சென்னையிலிருந்து திருச்சிக்குக் கிளம்பினோம். திண்டிவனம் தாண்டியதும் சாலையில் ஒரு கல். பழுதாகி நின்ற லாரியின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, எடுக்காமல் போன கல்.

"சக்கரத்துக்கு நடுவுல விட்டுடறேன்" என்றார் அண்ணன். அடுத்த நொடி, டங்!

"அண்ணா, நிறுத்திப் பார்த்துடலாமா?"

"லேசாத்தான் தட்டுச்சு. வண்டி நல்லாத்தானே ஓடுது? விழுப்புரத்துல டீ குடிக்கும்போது பார்த்துக்கலாம்."

டீக்கடை வரைக்கும் வண்டி போகவில்லை. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதைக் கவனித்து ஓரங்கட்டுவதற்குள் என்ஜின் கடகடவென்று அடித்து நின்றுவிட்டது. கல் உடைத்தது ஆயில் சம்ப்பை மட்டும்தான். என்ஜினைக் கெடுத்தது, சத்தம் கேட்ட பிறகும் நாங்கள் ஓட்டிய அந்தச் சில கிலோமீட்டர். நான் சொல்ல வந்த விஷயமே இதுதான்.

ஆயில் சம்ப் என்பது என்ஜினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி. பல கார்களில் அது அலுமினிய வார்ப்பு. இரும்புத் தகடு அடி வாங்கினால் நசுங்கும். அலுமினிய வார்ப்பு விரிசல் விடும். எண்ணெய் ஒழுகி அழுத்தம் குறைந்தால், உள்ளே சுழலும் பாகங்கள் ஒன்றோடொன்று நேரடியாக உரசும். டர்போ சுழல்வதற்கும் இதே எண்ணெய்தான். அது போய்விட்டால் என்ஜின் கெடுவதற்குச் சில நிமிடங்களே போதும்.

சரி, அடி படாமல் எப்படித் தப்பிப்பது?

முதலில், உங்க வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கையேட்டில் 'கிரவுண்ட் கிளியரன்ஸ்' என்று போட்டிருக்கும். அது பெரும்பாலும் காலி வண்டியின் அளவு. நாலு பேர் ஏறி, பின்னால் பெட்டியும் வைத்தால் இன்னும் இறங்கிவிடும். நம்ம ஊர்ச் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தினால் ஏறக்குறைய 11 செ.மீ. உயரம். ஆள் ஏறிய தாழ்வான காருக்கு அதுவே ஆபத்து. 'நடுவுல விட்டுடலாம்' என்பது ஜீப்புக்கும் லாரிக்கும் சரி. தாழ்வான காரில் அப்படி விட்டால், கல்லை நேராகச் சம்ப்புக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

அதனால் முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் குறைந்தது 3 நொடி இடைவெளி விடுங்கள். லாரியை ஒட்டிப் போனால், அதற்கு அடியிலிருந்து கல் வெளிப்படும்போது உங்களுக்கு நேரமே இருக்காது. ஜல்லி, கிழிந்த டயர் பட்டை, கயிறு என எது கிடந்தாலும் கண்ணாடி பார்த்து, வேகத்தைக் குறையுங்கள். சட்டென்று ஸ்டீயரிங்கை ஒடிக்காதீர்கள். பக்கத்தில் பைக் வரலாம்.

அடுத்து, காப்புத் தகடு. பல கார்களில் கம்பெனி கொடுப்பது பிளாஸ்டிக் தட்டு. அது சேறு, தண்ணீரைத் தடுக்கும், கல்லைத் தடுக்காது. ஆனாலும் அது வேண்டும். சர்வீஸுக்கு விட்டு எடுக்கும்போது அதன் கிளிப், போல்ட் எல்லாம் திரும்ப மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு முனை தொங்கினாலும் ஓடும்போது காற்றில் கிழிந்துவிடும்.

உலோகத் தகடு போடுவதாக இருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். தகடு வண்டியின் சட்டத்தில் மாட்டப்படுகிறதா? சம்ப்பிலேயே மாட்டினால் அடி நேராக அதற்குத்தான் போகும். சூடு வெளியேற வழி இருக்கிறதா? முழுசாக மூடினால் டர்போ என்ஜின் கொதிக்கும். ஆயில் மாற்றத் துளை இருக்கிறதா? இரும்பு விலை குறைவு, ஆனால் கனம், துருவும் பிடிக்கும். அலுமினியம் லேசானது, தடிமனாக எடுக்க வேண்டும். போடுவதற்கு முன் வாரண்டி பாதிக்குமா என்றும் கேட்டுவிடுங்கள்.

ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை இன்னும் தாழ்த்தும் ஆசை சிலருக்கு உண்டு. தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2013 அக்டோபரில் அமெரிக்காவின் சியாட்டில் நகருக்கு அருகே, நெடுஞ்சாலையில் கிடந்த ஓர் இரும்புத் துண்டு டெஸ்லா மாடல் எஸ் காரின் அடியில் குத்தி, பேட்டரியைத் துளைத்தது. 'ஓரமாக நிறுத்து' என்று கார் எச்சரித்தது. ஓட்டியவர் உடனே நிறுத்தி இறங்கினார். அதன் பிறகு கார் தீப்பிடித்தது, அவருக்குக் காயமில்லை. 2014 மார்ச்சில் அந்த நிறுவனம் பேட்டரிக்கு அடியில் டைட்டானியத் தகடும் அலுமினியத் தடுப்புகளும் சேர்த்தது. தகடு பிறகு வந்தது. அன்றைக்கு அவரைக் காப்பாற்றியது, சொன்னதும் நிறுத்தியதுதான்.

ஆகவே 'டங்' என்று கேட்டால், பாதுகாப்பான இடம் பார்த்து ஓரங்கட்டுங்கள். என்ஜினை அணையுங்கள். நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வையுங்கள். வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். அதற்குத்தான் போன் இருக்கிறதே! டார்ச்சோடு வீடியோவைப் போட்டு, போனை மட்டும் கீழே நீட்டி எடுங்கள்.

பழுப்பாக, கறுப்பாகச் சொட்டினால் என்ஜின் ஆயில். பச்சை, இளஞ்சிவப்பு என்றால் பெரும்பாலும் கூலண்ட். நிறமில்லாத வெறும் தண்ணீர் என்றால் ஏசி தண்ணீர், பயமில்லை. ஆயிலோ கூலண்டோ ஒழுகினால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். டோ வண்டியை அழையுங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, மின்சாரக் காரில் புகை வந்தாலோ எல்லாரும் தள்ளிப் போய் நின்று 101 அல்லது 112 எண்ணுக்கு அழையுங்கள்.

பிறகு காப்பீடு. வண்டியை நகர்த்தும் முன் படம் எடுத்து, கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள். அடி பட்ட சம்ப்பை ஏற்றுக்கொள்கிற கம்பெனி, அதற்குப் பிறகும் ஓட்டியதால் கெட்ட என்ஜினை 'தொடர் சேதம்' என்று மறுக்கலாம். எங்க அண்ணனுக்கு அதுதான் நடந்தது. 'என்ஜின் பாதுகாப்பு' என்ற கூடுதல் காப்பு உங்க பாலிசியில் இருக்கிறதா, அது எதற்கெல்லாம் பொருந்தும் என்று இன்றைக்கே படித்துப் பாருங்கள்.

கடைசியாக, அந்தக் கல். அது இன்னும் சாலையில்தான் கிடக்கும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 எண்ணுக்கு அழைத்து, கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள். மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலையில் பள்ளம் என்றால் 'நம்ம சாலை' செயலியில் படத்தோடு பதியலாம். சென்னை மாநகராட்சிச் சாலைகளுக்கு 1913. வேறு எந்தக் குறைக்கும் முதல்வரின் உதவி மையம் 1100. வேகத்தடைகளுக்கும் அளவு உண்டு: இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதலின்படி 10 செ.மீ. உயரம். உங்க தெருவில் செங்குத்தாக ஒரு மேடு நின்றால் அதையும் புகார் செய்யலாம்.

அன்று ராத்திரி டோ வண்டிக்குக் காத்திருந்த நேரத்தில் 1033க்கு நான்தான் பேசினேன். அண்ணன் கோபத்தில், "நம்ம வண்டிதான் போச்சே, இனி எதுக்கு?" என்றார். அப்போது பைக் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. பின்னால் ஓர் அம்மா, மடியில் தூங்கும் குழந்தை. அவர்களும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் வந்திருக்கிறார்கள். அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "கல் எடுத்துட்டாங்களான்னு இன்னொரு தடவை கேளு" என்றார்.

காருக்கு அடி பட்டால் பணம் போகும். அதே கல்லில் பைக் ஏறினால் உயிர் போகும். அதனால் சத்தம் கேட்டால் நிறுத்துங்க. உங்க வண்டியைப் பாருங்க. அடுத்து வருகிறவருக்காக ஒரு போன் பண்ணுங்க.