தரவுக் கடலும் திறந்த வலையும்

திருக்கோணமலைக் கடற்கரையில் அதிகாலையில் வந்து நிற்கும் முதிய மீனவர் எவரும் கடலுக்குள் இருக்கும் மீனைக் காண்பதில்லை. கடற்பறவைகள் வட்டமிடும் இடத்தைக் காண்கின்றார். நீரின் நிறத்தைக் காண்கின்றார். வீசுவது வாடையோ கச்சானோ என்று உணர்கின்றார். வளர்பிறையா தேய்பிறையா என்று எண்ணிப் பார்க்கின்றார். இவை ஒன்றுகூடி வந்த நாள்களில் வலை நிறைந்தது என்பது அவர் பல்லாண்டுகளாகக் கற்ற பாடம். பன்முறை சேர்ந்து நிகழ்வனவற்றைக் கண்டு, அவற்றுள் மறைந்திருக்கும் கோலத்தை அறிதலே அவ்வறிவின் சாரம்.

அம்முதியவர் அனுபவத்தாற் செய்வதை இன்று கணினி எண்ணிக்கையாற் செய்கின்றது. அக்கலைக்குத் தரவகழ்வு என்று பெயர். மண்ணை அகழ்ந்து மணியை எடுப்பதுபோல, குவிந்து கிடக்கும் பதிவுகளை அகழ்ந்து பயனுள்ள கோலங்களை எடுப்பதால் அப்பெயர் பெற்றது.

ஓர் உதாரணத்தாற் பார்ப்போம். இறங்குதுறை ஒன்றில் 100 வள்ளங்கள் கொண்டுவந்த மீன்வகைகள் ஒரு குறிப்பேட்டில் எழுதப்பட்டுள்ளன என்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் 40 வள்ளங்களிற் கணவாய் இருந்தது. அந்த 40இல் 30 வள்ளங்களில் இறாலும் இருந்தது. ஆகவே கணவாய் கிடைத்த வள்ளங்களுள் நூற்றுக்கு 75 வீதமானவற்றில் இறாலும் கிடைத்தது என்று கணினி கூறும். கேட்பவர் வியப்பர். ஆயின், மொத்தமுள்ள 100 வள்ளங்களுள் 75இல் இறால் இருந்திருப்பின் அவ்வியப்புக்கு இடமே இல்லை. கணவாய் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இறால் அதே அளவிற்றான் கிடைத்திருக்கின்றது. சேர்ந்து காணப்படுவதெல்லாம் தொடர்புடையது ஆகிவிடாது என்பதை இவ்வுதாரணம் உணர்த்துகின்றது.

மீன்வகை மிகுந்தால் எண்ணும் வேலையும் மலையென வளரும். 20 வகைகளை எடுத்துக்கொண்டால் அவற்றிலிருந்து அமைக்கத்தக்க சேர்க்கைகள் 10,48,575 ஆகும். 100 வகைகளாயின் அத்தொகையை எழுத 31 இலக்கங்கள் வேண்டும். அத்தனையையும் ஒவ்வொன்றாக எண்ணுதல் எந்தக் கணினிக்கும் இயலாத செயல்.

இச்சிக்கலை அவிழ்க்கும் எளிய வழியொன்றை 1994ஆம் ஆண்டிலே ஐபிஎம் நிறுவனத்தின் கலிபோர்னிய ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ராகேஷ் அகர்வாலும், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்ற ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்தும் வெளியிட்டனர். அப்ரியோரி என்பது அதன் பெயர். சூரையும் நண்டும் சேர்ந்து வருதலே அரிது எனின், சூரையும் நண்டும் பாரையும் சேர்ந்து வருதல் அதனினும் மிகுதியாக இருத்தல் இயலாது. எனவே அரிதான சிறு சேர்க்கையைக் கண்டவுடன், அதனை உள்ளடக்கிய பெரிய சேர்க்கைகள் அனைத்தையும் எண்ணாமலே விலக்கிவிடலாம். சிறுவர்க்கும் விளங்கும் இவ்வுண்மை ஒரு துறைக்கே அடித்தளமாயிற்று.

வழி தெரிந்தால் மட்டும் போதாது. கருவியும் கைக்கு எட்டவேண்டும். விலைகொடுத்து வாங்கும் மென்பொருள்கள் பலவற்றின் உட்புறத்தைப் பயன்படுத்துவோர் காண இயலாது. திறந்தமூல மென்பொருளோ அதன் நிரல் முழுவதையும் யாவரும் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் இடமளிப்பது. நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகம், தன் நாட்டிலே வாழும் பறக்க இயலாப் பறவையொன்றின் பெயரால் வெக்கா என்னும் தரவகழ்வு மென்பொருளை வழங்கியது. கனடா நாட்டவரான பிலிப் ஃபோர்னியே விஜே தொடங்கிய எஸ்பிஎம்எஃப் என்னும் மென்பொருள் கோலம் தேடுவதற்கென்றே அமைந்தது. அதன்கண் இருநூறுக்கும் மேற்பட்ட கணிப்பு முறைகள் உள்ளன. ஓர் ஆய்வாளர் புதிய முறையொன்று கண்டதாகக் கூறின், மற்றோர் ஆய்வாளர் அதே தரவிற் பழைய முறையையும் ஓட்டி ஒப்பிட்டு, கூற்று மெய்யோ என ஆராய இத்தகைய மென்பொருள்கள் துணைபுரிகின்றன.

திறந்தமூலத்தின் பெருமையை இலங்கை துயரத்தின் வாயிலாகவே கண்டது. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை மூதூர், கிண்ணியா உட்பட இத்தீவின் கரைகளை அழித்தது. காணாமற்போனோர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எவர்க்கு எது தேவை என்னும் செய்திகள் சிதறிக் கிடந்தன. அப்போது இலங்கைக் கணினித்துறைத் தொண்டர்கள் ஒன்றுகூடிச் சகன என்னும் மென்பொருளை உருவாக்கினர். நிவாரணம் என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். லங்கா மென்பொருள் அறக்கட்டளை அதனை வளர்த்தது. நிரல் திறந்திருந்தமையால் 2005இற் காஷ்மீரப் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தின்போது பாகிஸ்தானும், பின்னர் வேறு நாடுகளும் அதனைப் பயன்படுத்தின. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுச் சமூகநலத் திட்ட விருதும் அதற்குக் கிடைத்தது.

சகன கோலம் தேடும் மென்பொருளன்று. செய்திகளைத் திரட்டி ஒழுங்குபடுத்துவது. எனினும் திரட்டாத தரவிற் கோலம் தேட இயலாது. பேரிடர் வேளையில், இந்தக் கிராமத்துக்கு உதவி வேண்டாம் என்று ஒரு கணினி கூறினால், அம்முடிவுக்கு அது எவ்வாறு வந்தது என்று வினவும் உரிமை அக்கிராமத்தாருக்கு வேண்டாமோ? மூடிய மென்பொருள் அவ்வினாவுக்கு விடை தராது. திறந்தமூலமோ குற்றங்குறையற்றதன்று, ஆயின் அதன் குறையைக் கண்டு திருத்தும் வாயில் திறந்திருக்கும். நிரல் திறந்திருக்க வேண்டும் என்பதனால் மக்களின் பெயரும் துயரும் அடங்கிய பதிவேடுகளும் திறந்திருக்க வேண்டும் என்பதில்லை. அவை காக்கப்படவேண்டியவை.

இன்று திருக்கோணமலையில் வாழும் மாணவன் ஒருவன், சாதாரணக் கணினி ஒன்றைக் கொண்டே, உலகின் பெரும் ஆய்வுகூடங்களிற் பயன்படும் அதே நிரலைப் பணம் கொடாமற் பெற்றுப் படிக்கலாம். தன் ஊர் இறங்குதுறைக் குறிப்பேட்டை அதற்கு இட்டுப் பார்க்கலாம். கிடைக்கும் விடையைக் கையிலெடுத்துக்கொண்டு அவன் அம்முதிய மீனவரிடம் சென்று, இது சரிதானா ஐயா என்று கேட்பானாயின், அவன் கல்வி நிறைவுறும். கணினி எண்ணித் தரும். எண்ணியதன் பொருளைச் சொல்ல அக்கடலை அறிந்தவர் வேண்டும்.