ஊர் நிருபரும் ஊராட்சியும்

(திருப்பத்தூரில் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



விதை, உரம், சாலை, தெருவிளக்கு ஆகியவை குறித்து நாம் அடிக்கடி பேசுகிறோம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. ஊரின் தொழிலையும் வாழ்க்கையையும் நேரில் கண்டு, கேட்டு, எண்ணி எழுதும் ஊர் நிருபரைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலைப் பற்றி நகரத்துப் பத்திரிகைகள் எழுதுகின்றன. ஏற்றுமதி எத்தனை கோடி என்றும் சொல்கின்றன. ஆனால், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து காலணியின் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் பெண்ணுக்கு ஒரு ஜோடிக்கு என்ன கூலி? நூலும் ஊசியும் யார் செலவு? ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவரிடம், சரியில்லை என்று கழிக்கப்படுபவை எத்தனை? சந்தையில் காய்கறி விற்ற விவசாயிக்கு வண்டி வாடகையும் சுங்கமும் போக மிஞ்சியது என்ன? இவற்றை அறிய ஒருவர் அந்தத் திண்ணைக்கும் சந்தைக்கும் சென்றாக வேண்டும்.

இவ்வாறு எண்ணி எழுதிய கணக்கால் என்ன பயன் என்று கேட்கலாம். நம் பகுதி அறிந்த உதாரணத்தையே கூறுகிறேன். தோல் ஆலைக் கழிவு நீரால் பாலாறு கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல அமைப்பு 1991ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் தீர்ப்பு வெளியாயிற்று. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை அது நிலைநாட்டியது. தோல் தொழில் நடக்கும் மற்றோர் ஊரான திண்டுக்கல் பகுதியின் விவரமும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. அங்கே ஒரு தொண்டு நிறுவனத்தார் 13 கிராமங்களில் கிணறுகளை ஆராய்ந்திருந்தனர். மொத்தம் 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்பதே அவர்கள் கண்ட முடிவு. "தண்ணீர் உப்பாகிவிட்டது" என்ற முறையீடு காற்றோடு போகும். "467இல் 350" என்ற கணக்கோ நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தின் ஏட்டில் ஏறிற்று.

படித்த நகரத்தாரே இத்தொண்டுக்கு ஏற்றவர் என்று எண்ண வேண்டாம். உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட மாவட்டத்தில் 2002ஆம் ஆண்டில் 'கபர் லஹரியா' என்ற பத்திரிகை தோன்றியது. தாழ்த்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த கிராமப் பெண்கள் பலர் அதில் செய்தி சேகரித்தனர். தங்கள் வட்டார மொழியான புந்தேலியில் எழுதினர். ஊர் ஊராகச் சென்று தாங்களே விற்றனர். 2009இல் யுனெஸ்கோ நிறுவனத்தின் எழுத்தறிவுப் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. பின்னர் அச்சை விட்டுக் கைப்பேசி வழியாகச் செய்தி தரும் முறைக்கு அவர்கள் மாறினர்.

ஊராட்சியினர் செய்ய வேண்டியது என்ன? முதலாவது, எழுதுபவரைப் பகைவராகக் கருதாதீர்கள். வரவு செலவைக் கேட்டால் காட்டுங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் அதை ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமையாக்கியுள்ளது. இரண்டாவது, கிராம சபைக்கு அவரை அழையுங்கள். மூன்றாவது, உங்கள் ஊரின் கிணறுகள், சிறு கடைகள், கைத்தொழில்கள் ஆகியவற்றின் பட்டியலை ஆண்டுதோறும் எழுதி வையுங்கள்.

எழுதும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. நாளும் எண்ணும் இல்லாமல் எழுதாதீர்கள். கூலி கொடுப்பவர், வாங்குபவர் இருவரையும் கேளுங்கள். பெயரை வெளியிட்டால் ஒரு பெண்ணின் வேலை போகுமானால் பெயரை விடுங்கள், கணக்கை விடாதீர்கள். புகழ்ந்து எழுதப் பணம் வாங்குபவரை ஊர் நம்பாது.

தோல் தொழில் நம் மக்கள் பலருக்குச் சோறு போடுகிறது. நிலமும் சோறு போடுகிறது. இரண்டும் வாழ வேண்டுமானால் இரண்டின் உண்மை நிலையும் ஏட்டில் இருக்க வேண்டும். ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். அதன் முதல் பக்கத்தில் உங்கள் ஊர்க் கிணறுகளின் எண்ணிக்கையையும் அவற்றின் நீர் நிலையையும் எழுதுங்கள்.