கடலடிச் சேறும் மலைநாட்டு மழையும்



ஆடி மாதத்தில் மூணாற்றில் மழை விடாது கொட்டிக்கொண்டிருக்கும்போது, சாலை வழியே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் அப்பாலுள்ள மறையூரில் கரும்புத் தோட்டக்காரர் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். பாலக்காட்டு நகரில் பெய்யும் மழையில் ஒரு பங்குதான் கிழக்கே கொழிஞ்சாம்பாறையை எட்டுகிறது. ஒரே காற்று, ஒரே மலைத்தொடர். ஆயினும் ஒருவருக்கு வெள்ளம், மற்றவருக்கு வறட்சி. அந்தக் காற்று அரபிக் கடலிலிருந்து வருவது. ஆதலால், நம் மலைநாட்டு மழையின் வரலாற்றை அறிய விரும்புவோர் கடலின் வரலாற்றையும் அறிந்தாக வேண்டும். இன்று அதைப் பற்றியே சில செய்திகளைக் கூற விழைகிறோம்.

இந்திய வானிலைத் துறை 1875ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. முறைப்படி எழுதப்பட்ட மழைக் கணக்கு நம்மிடம் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கே உண்டு. இந்தக் காலத்திற்குள்ளேயே 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் வந்தது. கொல்லம் ஆண்டு 1099இல் நேர்ந்தமையால், ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று மக்கள் இன்றும் கூறும் அவ்வெள்ளம், மூணாற்றிலிருந்த மலை இரயில் பாதையை அழித்துவிட்டது. 2018 ஆகஸ்டில், 26 ஆண்டுகளுக்குப் பின்னர் இடுக்கி அணைத்தேக்கத்தின் செறுதோணி மதகுகள் திறக்கப்பட்டன. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்ட லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் உயிரிழந்தனர்.

இத்தகைய மழை நூறாண்டுக்கு ஒரு முறை வருவதா, இனி அடிக்கடி வரப்போவதா? லயங்களை எங்கே கட்டுவது, அணையில் எவ்வளவு இடம் விட்டு வைப்பது என்பன போன்ற கேள்விகளுக்கெல்லாம் அடிப்படையான கேள்வி இது. நூற்றைம்பது ஆண்டுக் கணக்கு இதற்குப் போதாது. அப்படியானால், மழைமானி பிறப்பதற்கு முன் பெய்த மழையை யார் அளந்து வைத்தார்கள்?

கடல் அளந்து வைத்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வலுத்து வீசும்போது, ஓமன், சோமாலியா நாடுகளின் கரையோரத்து மேல்நீரை அப்பால் தள்ளுகிறது. அவ்விடத்தை நிரப்பக் குளிர்ந்த அடிநீர் மேலெழுகிறது. அதிலுள்ள சத்துகளை நம்பிச் சிற்றுயிர்கள் பெருகுகின்றன. அவற்றுள் ஒன்று குளோபிஜெரினா புல்லாய்டஸ் என்னும், கண்ணுக்கு மணற்பொடி போலத் தோன்றும் ஓட்டுயிர். அது மடிந்தபின் ஓடு கடலடியில் படிகிறது. காற்று வலுத்த காலத்துச் சேற்றில் இவ்வோடுகள் மிகுதி. தளர்ந்த காலத்தில் குறைவு. மேலும், ஓட்டில் கலந்துள்ள இருவகைப் பிராணவாயு அணுக்களின் விகிதம், அக்காலத்துக் கடலின் வெப்பத்தையும் உலகில் உறைந்திருந்த பனியின் அளவையும் உய்த்துணர உதவுகிறது.

கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அனில் குப்தாவும் அவருடைய துணைவர்களும் ஓமன் கரையோரச் சேற்றிலிருந்து இவ்வோடுகளை எண்ணி, 2003ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டனர். வட அட்லாண்டிக் மாகடல் குளிர்ந்த காலங்களில் நமது தென்மேற்குப் பருவக்காற்று தளர்ந்தது என்பதே அம்முடிவு. அட்லாண்டிக்குக்கும் தேவிகுளத்துக்கும் என்ன தொடர்பு என்று வியப்பு எழலாம். அட்லாண்டிக்கில் வெதுவெதுப்பான மேல்நீர் வடக்கே சென்று, குளிர்ந்து, கனத்து, ஆழத்தில் இறங்கித் தெற்கே திரும்புகிறது. இச்சுழற்சி தளர்ந்தால் வடபகுதி குளிர்கிறது. வெப்ப மண்டலத்தின் மழைப்பட்டை தெற்கே நகர்கிறது. நம் நாட்டுப் பருவமழையும் மெலிகிறது.

கடல் கூறும் சாட்சியத்தை மலையும் உறுதி செய்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியின் சதுப்புகளில், புற்பூண்டுகள் மட்கிய படிவு அடுக்கடுக்காய்க் கிடக்கிறது. ஈரத்தை விரும்பும் செடிகளும் வறட்சியைத் தாங்கும் புல்வகைகளும் கரி அணுக்களை வெவ்வேறு விகிதத்தில் ஏற்கின்றன. இதனை அளந்து, சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் என்னும் அறிஞர்கள் 1993இல் வெளியிட்ட ஆய்வு, உலகம் பனியுகத்தின் உச்சத்திலிருந்தபோது நீலகிரி வறண்டிருந்தது என்றும், பின்னர் ஈரம் மிகுந்தது என்றும் காட்டியது.

இப்பொழுது இரண்டு ஆற்றல்கள் எதிரெதிராக நிற்கின்றன. காற்றின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால், அது ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும்; இது மழையை மிகுவிக்கும். ஆனால், இந்நூற்றாண்டில் அட்லாண்டிக் சுழற்சி தளரும் என்றும் அறிஞர் எதிர்பார்க்கின்றனர். இது பருவக்காற்றை மெலிவிக்கக்கூடும். அச்சுழற்சியைக் கருவிகள் இட்டு இடையறாது அளப்பதோ 2004 முதற்கொண்டுதான். எது எதனை வெல்லும் என்று ஆராய்வோர், முன்பு நடந்ததைப் பார்த்தே தம் கணக்குகளைச் சரிபார்க்க வேண்டியுள்ளது. கடலடிச் சேறு நாளைய மழையை முன்னறிவிக்காது. மழை எந்த எல்லை வரை மாறவல்லது என்பதையே காட்டும். அணை கட்டுவோருக்கும் வீடு கட்டுவோருக்கும் அந்த எல்லையே தேவை.

இவ்வேலையைச் செய்பவர் யார்? பெரும்பாலும், முனைவர் பட்டம் பெற்ற பின்னர் ஆய்வுக்கூடத்தில் தற்காலிகப் பதவியில் அமரும் இளைஞர்களே. 2015ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கப்பல் அரபிக் கடலின் இலட்சுமி வடிநிலத்தில், மூன்றரைக் கிலோமீட்டர் ஆழத்திற்கும் கீழே கடல்தரையில் 1,100 மீட்டருக்கு மேல் துளையிட்டுச் சேற்றையும் பாறையையும் எடுத்தது. அத்தகைய படிவைத் துண்டு துண்டாக அறுத்து, சல்லடையில் கழுவி, உருப்பெருக்கியின் கீழ் ஈரத் தூரிகையால் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். நமது நாட்டின் தேசிய முனைவர்பின் ஆய்வு நல்கையின் காலம் இரண்டு ஆண்டுகளே. ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் கணக்கை இரண்டு ஆண்டுகளில் முடிக்கச் சொல்வது, நெல் விளையும் முன்னர் களத்தைக் கூட்டச் சொல்வது போன்றதாகும். பொறுமை வேண்டும் பணிக்குப் போதிய காலமும் வேண்டும் என்பதே நமது கருத்து.

சித்தூர் வட்டத்திலும் தோட்டங்களிலும் பிறந்து அறிவியல் பயிலும் நம் பிள்ளைகளுக்கும் இத்துறையில் இடமுண்டு. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனம் 1966 முதல் இயங்கி வருகிறது. கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் கடலையும் புவியையும் ஆராயும் கூடங்கள் உள்ளன.

ஆய்வாளர் ஆகாதவர்களும் செய்யத்தக்க ஒன்றுண்டு. தேயிலைத் தோட்ட அலுவலகங்களில் நாள்தோறும் மழைக்கணக்கு எழுதும் வழக்கம் உண்டு. அப்பழைய பேரேடுகளைக் கரையானுக்கு இரையாக விடாமல் காக்க வேண்டும். சேற்றின் மொழியை இன்றைய மழையின் அளவாகப் பெயர்ப்பதற்கு, இரண்டும் ஒன்றையொன்று தொடும் காலத்தின் நல்ல கணக்கு வேண்டும். தோட்ட எழுத்தர் மையினால் எழுதிய வரியும், கடல் ஓட்டினால் எழுதிய வரியும் சேர்ந்தால்தான் நம் மலையின் மழை வரலாறு முழுமை பெறும்.