சுருதி சேராதவர் யார்?



மூத்தோரை நினைவுகூரும் இந்த மேடையில் ஒரு பழைய குற்றச்சாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "குரல் நல்லாத்தான் இருக்கு, சுருதிதான் சேரல." இதைக் கேட்காத பாட்டுக்காரர் நம் தெருக்களில் உண்டா?

சென்ற ஆண்டு எங்கள் பகுதித் தாய்மார்களின் ஒப்பாரியைப் பதிவு செய்தோம். பதிவுக்கூடத்தில் இருந்தவர் அக்கறையோடுதான் கேட்டார்: "அங்கங்கே விலகுது, சரிபண்ணித் தரவா?" 1997-இல் வந்த ஆட்டோடியூன் போன்ற மென்பொருள்கள் அதை நொடியில் செய்துவிடும். ஒரு பாட்டை மட்டும் சரிசெய்து கேட்டோம். சுருதி சேர்ந்தது, அழுகை போய்விட்டது.

எதை வைத்துச் சரிசெய்தார்கள்? கீபோர்டின் கட்டைகளை வைத்து. ஒரு ஸ்தாயியை 1200 சென்ட் என்று கொண்டால், கட்டைக்குக் கட்டை 100 சென்ட். சட்ஜத்திலிருந்து அந்தரகாந்தாரம் அதில் 400. ஆனால் ஐந்துக்கு நான்கு என்ற இயற்கை விகிதத்தில் பிறக்கும் காந்தாரம் ஏறக்குறைய 386-இல் நிற்கிறது. எந்தக் கட்டையில் தொடங்கினாலும் வாசிக்க வேண்டும் என்பதற்காகச் செய்துகொண்ட சமரசம் இது. அதில் தவறில்லை. சமரசத்தையே சட்டமாக்கி, அதற்கு வெளியே நிற்பவரை அபசுரம் என்பதுதான் தவறு. நம் மண்ணிலும் ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகர'த்தில், சுருதி 22 அல்ல, 24 என்று வாதிட்டார். அளவுகோலே வழக்கில் இருந்த பொருள்தான்.

அமெரிக்காவில் அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களின் பாடல்களை 1867-இல் மூவர் தொகுத்தார்கள். தாளில் எழுதியது அசலின் மங்கிய நிழல்தான் என்று முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார்கள். பின்னர், மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில், கிதார் நரம்பின்மேல் கத்தியை இழுத்து வாசித்த ஒருவரை டபிள்யூ. சி. ஹேண்டி கேட்டார். இசை எழுதப் படிக்கக் கற்ற கறுப்பினக் கலைஞர் அவர். அவருக்கே அது விசித்திரமாக ஒலித்தது. ஆனாலும் ஒதுக்கவில்லை. 1914-இல் 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' எழுதினார். பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே நிற்கும் அந்தச் சுரத்துக்கு இன்று உலகமே 'புளூ நோட்' என்று பெயர் சொல்கிறது.

அப்படியானால் விலகுவதெல்லாம் இசையா? இல்லை. நம்மவர் என்பதற்காகப் பிழையை மரபு என்று சொல்ல மாட்டோம். எங்களுக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான்: அந்த இடத்துக்கு மறுபடி போக முடிகிறதா? அந்தத் தாய்மார்களை மூன்று முறை பாடச் சொன்னோம். மூன்று முறையும் அதே சொல்லில், அதே அளவு இறங்கினார்கள். தடுமாறுகிறவருக்கு இது வராது. பாதை தெரிந்தவருக்குத்தான் வரும்.

கட்டைகளுக்கு நடுவில் இடமே இல்லை என்பவர்களுக்கு நம் பதில் கோபம் அல்ல, பதிவு. அந்த ஒப்பாரிகளைப் பாடியபடியே வெளியிடுகிறோம். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், சேராதது குரலா, கேட்ட காதா என்று.