தலைப்பாகையும் தலைப்புச் செய்தியும்



சிங்கப்பூரில் தேக்கா என்றொரு வட்டாரம் உண்டு. நம்மவர்களின் பூக்கடைகளும் மளிகைக் கடைகளும் நிறைந்த இடம். தலைப்பாகை கட்டிய சீக்கியர்களையும் அங்கே காணலாம். 1881-இல் பொலிஸ் வேலைக்கென்று பஞ்சாபிலிருந்து சீக்கியர்களைச் சிங்கப்பூருக்கு வரவழைத்தார்கள். கல்கத்தாவில் கப்பலேறியதால் ‘வங்காளி’ என்று பெயர் விழுந்தது. நம்மைத் ‘தோட்டக்காட்டான்’ என்பதுபோல்தான் இதுவும்.

1984 அக்டோபர் 31-இல் இந்திரா காந்தியை அவருடைய சீக்கியக் காவலர்கள் இருவர் சுட்டுக் கொன்றார்கள். டில்லியில் ஆயிரக்கணக்கான சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். கடல் கடந்த சிங்கப்பூரிலும் சீக்கியரை அடித்தார்கள், தொலைபேசியில் மிரட்டினார்கள். சில இந்தியக் கடைக்காரர்கள் அவர்களுக்குச் சாமான் கொடுக்க மறுத்தார்கள். 1985 ஜூன் 23-இல் கனடாவிலிருந்து வந்த கனிஷ்கா விமானம் குண்டு வெடித்து விழுந்தது. 329 பேர் மாண்டார்கள். அதன்பின் பத்திரிகைகளில் ‘சீக்கியர்’, ‘தீவிரவாதி’ என்ற இரு சொற்களும் ஒட்டிக்கொண்டே வந்தன. மாண்டவர்களில் சீக்கியரும் உண்டென்பதை நினைத்தவர்கள் எத்தனை பேர்?

இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. 1983 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் 13 சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். பதுளையில் கொழுந்து பறித்தவர்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் பதுளை நகரில் தமிழர் கடைகள் எரிந்தன.

ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. 1989 ஜனவரியில், தூக்கிலிடப்பட்ட கொலையாளிகளுக்காகச் சிங்கப்பூரில் சில சீக்கியக் கோயில்கள் பிரார்த்தனை நடத்தின. அரசாங்கம் எச்சரித்தது, 1990-இல் சமய நல்லிணக்கச் சட்டமும் வந்தது. சிலர் செய்ததைச் சிலருடைய செயலாகவே அங்கு எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். 2011-இல் அதே நாட்டின் தரைப்படைக்குத் தளபதியானவர் ரவீந்தர் சிங் என்ற சீக்கியர்.