நாணயச் சேகரிப்பும் அதன் பதிவேடும்



பழைய நாணயங்களைச் சேர்த்து வைக்கும் வழக்கம் நம் நாட்டு வீடுகள் பலவற்றில் உண்டு. பேரனார் காலத்துத் தகரப்பெட்டி ஒன்றினுள், விக்ரோறியா மகாராணியின் தலை பொறித்த செப்புச் சதங்களும், ஒல்லாந்தக் கொம்பனியின் முத்திரை கொண்ட துட்டுகளும், வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியபோது வெளிப்பட்ட களிம்பேறிய சிறு காசுகளும் கலந்து கிடக்கும். இவற்றை ஒழுங்குபடுத்திப் பதிந்து வைக்க விரும்புவோர் இக்காலத்திற் கணினியின் துணையை நாடுகின்றனர். அவ்வாறு தமக்கென ஒரு தரவுத்தளத்தை அமைக்கப் புகுவோர் எவற்றைப் பதிய வேண்டும், அவற்றுள்ளும் எதனை முதலிற் பதிய வேண்டும் என்பன பற்றிச் சில கருத்துக்களைக் கூறுவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

ஒரு நாணயம் தன்னைப் பற்றித் தானே கூறும் செய்திகள் பல. 1815ஆம் ஆண்டு பொறித்த ஸ்ரைவர் நாணயத்தின் ஒரு புறத்தில் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் தலையையும் மறுபுறத்தில் யானையையும் காண்கின்றோம். அதனை வெளியிட்ட ஆட்சி யாதென ஐயுற இடமில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட ஒரு சத நாணயத்தைத் தராசில் இட்டால் ஏறத்தாழ 4.7 கிராம் நிற்கும். போர்க்காலத்தில் மெல்லிதாக அடிக்கப்பட்ட ஒரு சதமோ ஏறத்தாழ அதன் பாதியே நிற்கும். உலோகத் தட்டுப்பாட்டின் வரலாறு அவ்வெடையில் அடங்கியிருக்கின்றது. 1984ஆம் ஆண்டின் ஐந்து ரூபா நாணயத்தைக் காந்தம் இழுப்பதில்லை. அது நிக்கல் கலந்த பித்தளையால் ஆனது. 2005ஆம் ஆண்டின் ஐந்து ரூபாவைக் காந்தம் இழுக்கும். அது பித்தளை பூசிய உருக்கு.

இத்தகைய செய்திகள் நாணயத்தோடு கூடவே இருப்பன. இன்று எழுதாது விட்டாலும், தராசையும் காந்தத்தையும் உருப்பெருக்குக் கண்ணாடியையும் கொண்டு பத்தாண்டுகளின் பின்னரும் அவற்றை அறிந்துகொள்ளலாம்.

நாணயம் கூறமாட்டாத செய்திகளும் உள. அது எவ்வூரிற் கிடைத்தது, எத்தனை நாணயங்களோடு சேர்ந்து கிடைத்தது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பவற்றை அந்த உலோகத் துண்டு ஒருபோதும் கூறாது. அவற்றை அறிந்த மனிதர் மறைந்தால் அறிவும் மறையும். ஆகவே தரவுத்தளம் அமைப்போர் முதலிற் பதிய வேண்டியவை இவையே.

இதன் பெறுமதியை இரண்டு உதாரணங்களால் விளக்கலாம். கி.பி. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த உரோமச் செப்புக் காசுகள் இலங்கையிற் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. அவற்றைப் பார்த்து உள்ளூரில் அடிக்கப்பட்ட போலிகளும் கிடைத்துள்ளன. இதே காசுகள் இன்று ஐரோப்பிய வணிகரிடமும் விலைக்குக் கிடைக்கின்றன. இலங்கை மண்ணிலிருந்து வந்த காசு, இந்து சமுத்திர வாணிகத்திற்கும் இங்கு வழங்கிய சில்லறைப் பணத்திற்கும் சான்றாகும். வணிகரிடம் வாங்கிய காசு அத்தகைய சான்றாகாது. தேய்ந்துபோன இரண்டினையும் அருகருகே வைத்தால் வேறுபாடு காண்பது அரிது. வந்த வழியை உரைக்கும் குறிப்பு ஒன்றே அவற்றை வேறுபடுத்தும்.

மற்றைய உதாரணம் யாழ்ப்பாணத்தோடு தொடர்புடையது. படுத்திருக்கும் எருதின் வடிவமும் ‘சேது’ என்னும் தமிழ்ப் பொறிப்பும் கொண்ட நாணயங்களில் அரசன் பெயர் இல்லை. அவற்றை வெளியிட்டவர் யார் என்பதில் முன்னர்க் கருத்து வேறுபாடு இருந்தது. அவை யாழ்ப்பாண அரசருடையவை எனத் துணிவதற்கு, யாழ்ப்பாணப் பகுதியில் அவை மிகுதியாகக் கிடைத்தமையும் ஒரு காரணமாயிற்று. 1924ஆம் ஆண்டில் வெளியான கொட்றிங்ரன் அவர்களின் இலங்கை நாணயங்கள் பற்றிய நூல் இன்றும் ஆய்வாளர் கையிற் புழங்குகின்றது. நாணயங்களின் வடிவத்தை மாத்திரமன்றி அவை கிடைத்த இடங்களையும் அவர் குறித்து வைத்தமை அதற்கு ஒரு காரணமாகும்.

இனி அமைப்பு முறையைக் கவனிப்போம். பலர் விரிதாளில் ஒரு நாணயத்துக்கு ஒரு வரி என எழுதத் தொடங்குவர். சிறிய சேகரிப்புக்கு அது போதும். ஆயின் ஒருவரிடம் 1963ஆம் ஆண்டின் அலுமினிய ஒரு சதங்கள் நாற்பது இருப்பின், உலோகம், வடிவம், பொறிப்பு என்பவற்றை நாற்பது முறை எழுத நேரும். அவற்றுள் இரண்டு மூன்று இடங்களில் எழுத்துப் பிழை புகும். பின்னர்த் தேடும்போது அந்த நாணயங்கள் அகப்படா. ஐ.பி.எம். நிறுவனத்திற் பணியாற்றிய எட்கார் கொட் என்னும் அறிஞர் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இச்சிக்கலுக்கு வழிகாட்டியது. தரவுகளைத் தனித்தனி அட்டவணைகளாகப் பிரித்து, ஒன்றையொன்று எண்களால் தொடர்புபடுத்தும் முறை அதிலிருந்து வளர்ந்தது. ஒரு செய்தியை ஓரிடத்தில் மாத்திரமே எழுதுதல் அம்முறையின் பயனாகும்.

நாணயச் சேகரிப்புக்கு மூன்று அட்டவணைகள் போதும். முதலாவது வகை அட்டவணை. வெளியிட்ட அரசு, பெறுமதி, உலோகம், இருபுறத்துப் பொறிப்பு, அச்சிட்ட பட்டியல்களில் அவ்வகைக்குரிய எண் என்பன இதில் அடங்கும். இரண்டாவது நாணய அட்டவணை. கையிலுள்ள ஒவ்வொரு தனி நாணயத்தின் எடை, விட்டம், தேய்வு, குறைபாடு என்பன இங்கு எழுதப்படும். மூன்றாவது வரவு அட்டவணை. எந்நாளில், யாரிடமிருந்து, எவ்விடத்திலிருந்து வந்தது, தந்தவர் யாது கூறினார் என்பன இதற்குரியவை. ஒரே பெட்டியிலிருந்து வந்த முப்பது நாணயங்களுக்கு வரவுக் குறிப்பு ஒன்றே. அம்முப்பதும் ஒன்றாகக் கிடைத்தவை என்னும் செய்தியும் இதனாற் சிதையாது நிற்கும்.

இவற்றை நிரப்பும்போது சில எச்சரிக்கைகள் வேண்டும். எடையை எழுதும் கட்டத்தில் எண்ணை மாத்திரம் எழுதி, ‘கிராம்’ என்னும் அலகைத் தலைப்பில் இடுதல் நன்று; எண்ணோடு சொல் கலந்தால் கணினி ஒப்பிடமாட்டாது. ஆண்டுக்கு இரண்டு கட்டங்கள் தேவை. 1963 என்று பொறித்த நாணயத்துக்கு இரண்டிலும் 1963 வரும். சேது நாணயம் ஒன்றின் காலம் திட்டமாகத் தெரியாவிடின், யாழ்ப்பாண அரசின் காலத்தை எல்லையாகக் கொண்டு 1250 முதல் 1619 வரை என்று அமைக்கலாம். தெரியாத ஆண்டை ஊகித்து ஒற்றை எண்ணாக எழுதினால், பின்வருவோர் அதனை உண்மை என நம்பிவிடுவர்.

கண்டது வேறு, கருதியது வேறு. நாகரி எழுத்திற் பராக்கிரமபாகு என்னும் பெயர் கொண்ட செப்புக் காசு கிடைத்தால், அப்பெயரைக் கண்டவாறே ‘பொறிப்பு’ என்னும் கட்டத்தில் எழுதுக. அப்பெயர் தாங்கிய அரசர் பலராதலின், இன்னார் என்று துணிவது கருத்தாகும். அதற்குத் தனிக் கட்டமும், அக்கருத்தைக் கூறியவர் பெயரும், கூறிய நாளும் வேண்டும். அவ்வாறே ‘ஆராய்ந்தும் தெரியவில்லை’ என்பதும் ‘இன்னும் ஆராயவில்லை’ என்பதும் வெவ்வேறு. வெறுங்கட்டம் இரண்டையும் ஒன்றாக்கிவிடும்; ஆதலின் இரண்டுக்கும் வெவ்வேறு குறியீடு இடுக.

ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒரு தொடரெண் தருதல் இன்றியமையாதது. அந்த எண்ணில் நாட்டின் பெயரையோ காலத்தையோ புகுத்தலாகாது. கருத்து மாறினால் எண்ணையும் மாற்ற நேரும். எண்ணை நாணயத்தில் எழுதாது, அதனை வைக்கும் கடித உறையில் எழுதுக. இருபுறமும் எடுத்த புகைப்படங்களுக்கும் அவ்வெண்ணையே பெயராக இடுக. புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குவோர் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய பொறிப்பை இழந்துவிடுவர். படமெடுப்பதற்காகவும் துலக்குதல் ஆகாது.

எந்த மென்பொருளும் நிலையானதன்று. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த எஸ்கியூலைற் கட்டணமின்றிக் கிடைப்பது; தரவுத்தளம் முழுவதையும் ஒரே கோப்பில் அடக்குவது. அதனைப் பயன்படுத்துவோரும், காற்புள்ளியாற் பிரித்த எளிய எழுத்துக் கோப்பாக ஒரு படியை ஆண்டுதோறும் எடுத்து வைத்தல் வேண்டும். காகிதத்தில் அச்சிட்ட படியொன்றும் இருத்தல் நன்று. படிகள் ஒரே வீட்டில் இருப்பதாற் பயனில்லை. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் படியில்லாத ஏடுகள் அதனோடு அழிந்தன. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை கரையோர வீடுகளின் பத்திரங்களையெல்லாம் வாரிச் சென்றது. இடம்பெயர்ந்து வாழ்ந்த குடும்பங்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. நாணயப் பெட்டியைத் தூக்கிச் செல்ல முடியாத வேளையிலும், வேற்றூரில் உள்ள உறவினரிடம் பதிவேட்டின் படியொன்று இருத்தல் கூடும். பிறருக்குக் கொடுக்கும் படியில் விலையும் நாணயங்கள் வைத்திருக்கும் இடமும் இடம்பெறாதிருத்தல் பாதுகாப்பாகும்.

மண்ணிலிருந்து வெளிப்படும் பழம்பொருள்கள் பற்றி 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் விதித்திருப்பதையும் சேகரிப்போர் அறிதல் வேண்டும். நிலத்தை அகழும்போது தற்செயலாகக் கிடைக்கும் பழங்காசுகளை அதிகாரிகளுக்கு அறிவித்தல் கடமை. காசு தேடி நிலத்தைக் கிண்டுவோர் சட்டத்தை மீறுவதோடு, அக்காசு மண்ணின் எந்தப் படையில் எவற்றோடு கிடந்தது என்னும் சான்றையும் அழிக்கின்றனர்.

சேகரித்தவர் காலமானபின், பதிவில்லாத பெட்டி பெரும்பாலும் பழைய உலோகம் வாங்குவோரிடமே போய்ச் சேர்கின்றது. ஐம்பதாண்டு உழைப்பு அன்று நிறுவையால் விலைபேசப்படும். பதிவேடு இருந்தால் பிள்ளைகள் அதனை ஒரு நூதனசாலைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ காட்டலாம். ஆய்வாளரும் அதனைப் பொருட்படுத்துவர்.

ஆதலால் கணினியில் அட்டவணைகள் முற்றாக அமையும்வரை காத்திருத்தல் வேண்டா. சேகரிப்பிலுள்ள நாணயங்களுள், தந்தவர் இன்னும் உயிரோடிருப்பவை எவை என்று இவ்வாரமே பிரித்தெடுக்கலாம். அம்மூத்தோரிடம் சென்று, அந்நாணயம் எங்கிருந்து வந்ததெனக் கேட்டு, அவர்கள் கூறியதைக் கூறியவாறே ஒரு கொப்பியில் நாளிட்டு எழுதிக்கொள்க. எடையும் விட்டமும் அடுத்த மாதம் எழுதலாம்.