பின்தங்கினால்தான் பிரெசெல்



இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் க்ரூசிபிள் என்றொரு நாடக அரங்கம் இருக்கிறது. ஆயிரம் பேர்கூட உட்கார முடியாத சின்ன அரங்கம். 1977 முதல், பெரும்பாலும் நம்முடைய சித்திரை மாதத்தில், அங்கே நாடகத்தை நிறுத்திவிட்டு மேஜை போடுகிறார்கள். உலக ஸ்னூக்கர் சாம்பியன் போட்டி 17 நாள் நடக்கும்.

2023ஆம் ஆண்டு அந்தப் போட்டியின் அரையிறுதி. ஒருபுறம் சீனாவின் சி ஜியாஹுய், 20 வயதுப் பையன், முதல்முறையாக அங்கே ஆட வந்தவர். மறுபுறம் பெல்ஜியத்தின் லூக்கா பிரெசெல். முதலில் 17 ஃப்ரேம், அதாவது 17 தனி ஆட்டம், எடுப்பவருக்கு வெற்றி. ஒரு கட்டத்தில் சியின் கணக்கில் 14, பிரெசெல் கணக்கில் 5. இன்னும் மூன்றே மூன்று எடுத்தால் சீனப் பையன் இறுதிப் போட்டியில்.

அங்கிருந்து பிரெசெல் வரிசையாக 11 ஃப்ரேம் எடுத்தார். முடிவில் 17க்கு 15 என்று வென்றார். க்ரூசிபிள் அரங்கில் அத்தனை தூரம் பின்தங்கிப்போய் யாரும் அதற்கு முன் வென்றதில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. 12 அடி நீளம், 6 அடி அகலம், பச்சைத்துணி போர்த்திய மேஜை. 15 சிவப்புப் பந்து, 6 வேறு நிறப் பந்து, இவற்றை அடிக்க ஒரு வெள்ளைப் பந்து. குச்சியால் வெள்ளையை மட்டும்தான் தொடலாம். ஒரு சிவப்பு, ஒரு வண்ணம், மறுபடி ஒரு சிவப்பு என்று மாற்றி மாற்றிக் குழியில் போட வேண்டும். எதிராளி ஒரு பந்தையும் தவறவிடாமல் போட்டுக்கொண்டே இருந்தால், நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்தே தோற்கிற விளையாட்டு வேறு எது என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த நாற்காலிதான் பலரை உடைக்கிறது.

இந்த ஆட்டம் நமக்கு அந்நியமும் அல்ல. 1875இல் ஜபல்பூரில் பிரிட்டிஷ் இராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸில் பிறந்ததாகச் சொல்லப்படுவது இது. இதன் விதிகளை எழுதி மாட்டிவைத்த இடம் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறை. அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போனது. பிறகு ஏறக்குறைய இங்கிலாந்தின் சொத்தாகவே ஆகிவிட்டது. பெல்ஜியத்திலும் மேஜையும் குச்சியும் உண்டு, ஆனால் அவர்களுடைய பெருமை வேறு. குழியே இல்லாத மேஜையில் ஆடும் கேரம் பில்லியர்ட்ஸில் ரேமண்ட் சூலமன்ஸ் பல உலகப் பட்டங்கள் வென்றவர். ஸ்னூக்கரில் பியோன் ஹனேவீர் போன்ற ஓரிருவர் வெளியே தெரிந்தார்கள், அவ்வளவுதான்.

பிரெசெல் பிறந்தது 1995 மார்ச் 8. ஊர் டில்சன்-ஸ்டொக்கெம், நெதர்லாந்து எல்லையை ஒட்டிய லிம்பர்க் மாகாணத்தில். 14 வயதில், 19 வயதுக்கு உட்பட்டோருக்கான ஐரோப்பியப் பட்டத்தை வென்றார். 2011இல் தொழில்முறை வீரரானார். 2012இல், 17 வயது முடிந்து 45 நாளில், க்ரூசிபிள் அரங்கில் ஆடியபோது அங்கே அதுவரை ஆடியவர்களிலேயே இளையவர் அவர்தான். ஸ்டீஃபன் ஹெண்ட்ரியின் சாதனையை முறியடித்தார். ஸ்டூவர்ட் பிங்ஹமிடம் 5க்கு 10 என்று தோற்று வீட்டுக்குப் போனார். பிள்ளைப் பருவத்தில் அது தோல்வியே இல்லை.

பிறகு வந்தவைதான் வலித்திருக்கும். 2017இல் மறுபடி க்ரூசிபிள். முதல் சுற்றில் முதலில் 10 ஃப்ரேம் எடுப்பவர் வெல்வார். ஹாங்காங்கின் மார்கோ ஃபூவுக்கு எதிராக 7க்கு 1 என்று முன்னிலை. தோற்றது 9க்கு 10. 2019இல் கேரி வில்சனிடமும் அதே 9க்கு 10. அந்தக் கடைசி ஃப்ரேம் மட்டும் 79 நிமிடம் ஓடியது, அந்த அரங்கில் அன்றைக்கு அதுவே மிக நீண்ட ஃப்ரேம். 'பெல்ஜியத் தோட்டா' என்று பட்டப்பெயர் வாங்கிய, யோசிக்காமல் அடிக்கிற ஆளுக்கு இப்படி ஒரு சோதனை!

மற்ற ஊர்களில் அவருக்கு வெற்றி கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. 2017இலேயே சீனாவின் குவாங்ஜோவில் ஷான் மர்ஃபியை 10க்கு 5 என்று வென்று, உலகத் தரவரிசைக்குக் கணக்கில் வரும் பட்டம் எடுத்த முதல் ஐரோப்பியப் பெருநில வீரரானார். 2021 டிசம்பரில் யூகே சாம்பியன்ஷிப் இறுதியில் தோற்று, சில நாளிலேயே ஸ்காட்டிஷ் ஓப்பனில் ஜான் ஹிக்கின்ஸை வீழ்த்தினார். ஆனால் க்ரூசிபிளில்? ஐந்து தடவை போய், ஐந்து தடவையும் முதல் சுற்றிலேயே வெளியே.

2023இல் ஆறாவது தடவை. பயிற்சியே சரியாகச் செய்யவில்லை, நண்பர்களோடு குடித்தேன், விடியவிடிய விழித்துக்கிடந்தேன் என்று அவரே பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். இதைக் கேட்டுவிட்டு எந்தத் தகப்பனும் பிள்ளையை ஸ்னூக்கருக்கு அனுப்ப மாட்டார், விடுங்கள். முதல் சுற்றில் ரிக்கி வால்டனை 10க்கு 9. அடுத்து மார்க் வில்லியம்ஸை 13க்கு 11. கால் இறுதியில் ரானி ஓசல்லிவன், எட்டாவது உலகப் பட்டத்துக்கு வந்த மாமேதை. அவர் 10க்கு 6 என்று முன்னிலையில் இருந்தார். கடைசி அமர்வில் பிரெசெல் வரிசையாக ஏழு ஃப்ரேமையும் அள்ளிக்கொண்டு 13க்கு 10 என்று வென்றார். அதன்பின் நான் முதலில் சொன்ன அரையிறுதி.

சிலர் இதை அதிர்ஷ்டம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பின்தங்கியவர்கள் பெரும்பாலும் பயந்து, பந்தை ஒளித்து வைக்கிற பாதுகாப்பு ஆட்டத்துக்குள் புகுந்துகொள்வார்கள். பிரெசெல் நேர்மாறு. போனால் போகட்டும் என்று தூரத்துப் பந்தைக் குறிவைக்கிறார். விழுந்துவிட்டால் எதிராளிக்கு நாற்காலிதான். முன்னிலையில் இருக்கும்போதுதான் இழக்க ஏதோ ஒன்று வந்துவிடுகிறது, கை கனக்கிறது. மார்கோ ஃபூவிடம் தோற்றதும் சியை வென்றதும் ஒரே மனசின் வேலை.

இறுதிப் போட்டியிலேயே இதைப் பார்க்கலாம். எதிரே நான்கு முறை சாம்பியனான மார்க் செல்பி; 18 ஃப்ரேம் எடுக்க வேண்டும். முதல் நாளில் செல்பி 147 அடித்தார். எல்லாச் சிவப்புக்கும் கறுப்புப் பந்தையே சேர்த்துப் போட்டு, கடைசியில் ஆறு வண்ணப் பந்தையும் போட்டு முடித்தால் கிடைக்கிற முழு எண்ணிக்கை அது. உலக இறுதிப் போட்டியில் ஒருவர் அதை அடித்தது அதுவே முதல் தடவை. பிரெசெல் அசையவில்லை. மறுநாள் 16க்கு 10 என்று ஏறினார். ஏறியதும் வந்தது பழைய வியாதி: செல்பி வரிசையாக ஐந்து எடுத்து 16க்கு 15. ஃபூவோடு ஆடிய ஆட்டம் அப்போது அவர் நினைவுக்கு வந்ததோ என்னவோ, அடுத்த இரண்டையும் எடுத்து 18க்கு 15 என்று முடித்தார். பரிசு 5 லட்சம் பவுண்டு. ஐரோப்பியப் பெருநிலத்திலிருந்து உலகப் பட்டம் வென்ற முதல் ஆள். அப்போது உலகத் தரவரிசையில் இரண்டாம் இடத்துக்கு ஏறினார்.

மறு ஆண்டு, 2024. முதல்முறை சாம்பியனாகிறவர்கள் அடுத்த ஆண்டு பட்டத்தைத் தக்கவைப்பதில்லை என்று க்ரூசிபிள் அரங்குக்கு ஒரு சாபக் கதை உண்டு. முதல் சுற்றில் டேவிட் கில்பர்ட்டுக்கு எதிராக பிரெசெல் 9க்கு 6 என்று முன்னிலை. ஒன்றே ஒன்று எடுத்தால் போதும். 9க்கு 10 என்று தோற்றார். சாபத்தை நான் நம்பவில்லை. அந்த 9க்கு 6ஐத்தான் நம்புகிறேன்.

அதாவது, 2024 வரை க்ரூசிபிளில் அவருக்கு இரண்டே முடிவுதான் இருந்தது: முதல் சுற்றிலேயே மூட்டை கட்டுவது, இல்லையென்றால் உலகச் சாம்பியன் ஆவது. 2025இல்தான் நடுவில் ஓர் இடத்தில் நின்றார். இரண்டு சுற்று வென்று, கால் இறுதியில் ஜட் ட்ரம்பிடம் தோற்றார்.